‘இல்லை’ என்றால் என்ன பொருள்?

மளிகைக் கடையில் கருப்பட்டி கேட்கிறோம். “இல்லை” என்கிறார் கடைக்காரர். தீர்ந்துபோயிற்றா, அவர் விற்பதே இல்லையா, உள்ளே மூட்டையில் இருந்தும் எடுத்துவர ஆள் இல்லையா? குரலையும் முகத்தையும் வைத்து ஊகித்துக்கொள்வோம். மென்பொருளில் பிழை திருத்தும் ஏ.ஐ. ஏஜென்டுக்கு அந்த வசதி கிடையாது. நிரலைத் தேடும் கருவி கையை விரித்தால், அதையே முழு விடையாக எடுத்துக்கொண்டுவிடும்.

பெரிய மென்பொருள் ஒன்றில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஏஜென்டை இயக்கும் மொழி மாதிரியால் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய எழுத்துக்கோ ஓர் அளவு உண்டு. அதனால் ஏஜென்ட் முதலில் தேடும்; அகப்பட்ட இடங்களை மட்டும் திறந்து படிக்கும். அதன் கையில் இருப்பது பெரும்பாலும் ‘கிரெப்’ வம்சத்துக் கருவி. கிரெப்புக்கு வயது ஐம்பதுக்கு மேல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் உருவாக்கிய அது 1973இல் யூனிக்ஸில் சேர்ந்தது. ‘எட்’ என்ற உரைத்தொகுப்பானுக்குள் இருந்த தேடும் திறனைத் தனியே பிரித்தெடுத்ததுதான் கிரெப்.

கிரெப்பைப் பற்றி மொழி மாதிரி முன்பே நிறையப் படித்திருக்கும். ஆனால் நாம் கொடுக்கும் கருவி எந்தெந்த இடத்தில் கிரெப்பிலிருந்து விலகுகிறது என்பதைக் கருவியோடு வரும் குறிப்புதான் சொல்ல வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ நெறிமுறையில், ஒரு கருவி தன் பெயர், விளக்கம், தனக்கு வேண்டிய உள்ளீடுகள் ஆகியவற்றைச் சொல்லி மாதிரிக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. மனித நிரலர் கையேட்டைப் புரட்டாமலே நாலு முறை தட்டிப் பார்ப்பார். புரியாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார். ஏஜென்டுக்கு அந்தப் பக்கத்து இருக்கை, சில வரி விளக்கம்தான்.

அதில் ஒரு வரி குறைந்தால் என்ன ஆகும்? ஆண்ட்ரூ கேலன்ட் 2016இல் வெளியிட்ட ‘ரிப்கிரெப்’ மிக வேகமானது. ‘கிட்இக்னோர்’ என்ற விலக்குப் பட்டியலில் நிரலர்கள் குறித்துவைத்த கோப்புகள், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள், இருமக் கோப்புகள் எல்லாவற்றையும் நாம் சொல்லாமலே ஒதுக்கிவிடும். குப்பையைக் கிளற விரும்பாத மனிதருக்கு அது வரம். ஆனால் இயந்திரமே உருவாக்கும் நிரல்கோப்புகளும் பல திட்டங்களில் அந்தப் பட்டியலில்தான் கிடக்கும். ஒரு செயற்கூறை அழைக்கும் ஒரே இடம் அங்கே இருந்தால், தேடலின் விடை பூஜ்யம். ‘யாரும் பயன்படுத்தாத நிரல்’ என்று முடிவுகட்டி ஏஜென்ட் அதை நீக்கிவிடலாம். கருவி அதன் வேலையைச் சரியாகவே செய்தது. எங்கே தேடவில்லை என்பதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னொரு வெறுமையும் உண்டு. பிறை அடைப்புக்குறி கிரெப்புக்கு வழக்கமாக வெறும் எழுத்து. ரிப்கிரெப்புக்கோ அது தேடல் இலக்கணத்தின் குறி. திறந்ததை மூடாமல் கொடுத்தால் தேடலே நடக்காது. இரண்டு கருவிகளும் இதை எண்ணால் நேர்மையாகச் சொல்கின்றன: அகப்பட்டால் 0, அகப்படாவிட்டால் 1, கோளாறு என்றால் 2. இடையில் இருக்கும் இணைப்பு நிரல் அந்த எண்ணையும் பிழைச் செய்தியையும் விழுங்கிவிட்டால், ‘அகப்படவில்லை’ என்பதும் ‘தேட முடியவில்லை’ என்பதும் ஏஜென்டின் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். இவ்வகைக் கருவிகளில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுதான்.

விடை அதிகமானாலும் ஆபத்துதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட எஸ்.டபிள்யூ.இ. ஏஜென்ட் ஆய்வில் தேடலை மூன்று விதமாக வைத்துப் பார்த்தார்கள். விடைகளைச் சுருக்கமாகப் பட்டியலிட்டு, 50ஐத் தாண்டினால் ‘இன்னும் குறிப்பாகக் கேள்’ என்று சொன்ன கருவியோடு ஏஜென்ட் 18 சதவீதச் சிக்கல்களைத் தீர்த்தது. தனித் தேடுகருவியே தராதபோது 15.7. ஒவ்வொரு விடையாக ‘அடுத்தது, அடுத்தது’ என்று காட்டிய கருவியோடு வெறும் 12! முடிவில்லாமல் அடுத்ததைப் புரட்டியே தனக்கு அளந்துவிட்ட செலவு வரம்பை அது தீர்த்துவிட்டது. சரியாக அமையாத தேடுகருவி, இல்லாததைவிட மோசம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்களை நான் பார்த்ததில்லை.

1971 நவம்பர் 3ஆம் தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளின் விளக்கத்தோடு ‘பக்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. தாங்கள் எழுதிய கருவியின் குறைகளைத் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தாங்களே அதில் பதிந்தார்கள். இன்று ஏஜென்டுக்கான குறிப்பை நான் எழுத நேர்ந்தால் அந்தப் பகுதியிலிருந்துதான் தொடங்குவேன்: “இந்தக் கருவி கிட்இக்னோர் பட்டியலில் உள்ள கோப்புகளைப் பார்க்காது. அடைப்புக்குறியை அப்படியே தேட, நேரெழுத்துத் தேடலைப் பயன்படுத்தவும். 50 விடைக்கு மேல் காட்டாது. மீதி இருந்தால் அதைச் சொல்லும். விடை வராவிட்டால், எதையும் நீக்கும் முன் ஒதுக்கிய கோப்புகளையும் சேர்த்து மறுமுறை தேடவும்.”