குளிர்ப் பிரதேசச் சுற்றுலா: அடைத்த அறையில் நெருப்பு வேண்டா

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற ஒரு குழுவினர், தாமன் என்னும் மலை ஊரில் இரவு தங்கினர். குளிர் கடுமையாக இருந்ததால், அவர்களுள் எட்டுப் பேர் கதவையும் சன்னல்களையும் அடைத்துவிட்டு, எரிவாயு ஹீட்டர் எரிந்த ஒரே அறையில் உறங்கினர். காலையில் எட்டுப் பேரும் நினைவற்றுக் கிடந்தனர். காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் நால்வர் குழந்தைகள். ஹீட்டரால் நேர்ந்த மூச்சுத்திணறலே காரணமெனக் கருதப்பட்டது.

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும் நம் குடும்பங்களும் இத்தகைய ஆபத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. அறைக்குள் வைக்கும் கரி அடுப்பு, குளியலறையில் உள்ள எரிவாயு கீசர், கூடாரத்துக்குள் கொண்டுவரும் பார்பிக்யூ அடுப்பு, சன்னலருகே ஓடும் ஜெனரேட்டர் ஆகிய அனைத்தும் கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடியவை. புகை அடங்கிச் செந்தணலாகக் கனலும் கரியும் இவ்வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

ஏன் விழிப்பு வருவதில்லை?

இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைகிறது. அதனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உறங்குபவர் விழிக்காமலேயே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறார்.

எப்படி அறிவது?

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி, தடுமாற்றம் ஆகியவையே தொடக்க அறிகுறிகள். மலைப்பாதை வளைவுகளால் வந்தது, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் இவற்றை எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். இரண்டு குறிப்புகளை நினைவில் கொள்ளுங்கள். ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் ஐயம் கொள்ளுங்கள். வெளியே சென்றதும் வலி குறைந்து, அறைக்குத் திரும்பியதும் கூடினால் ஐயம் இன்னும் வலுப்பெறுகிறது.

பலர் இப்போது பயணத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் எடுத்துச் செல்கின்றனர். இந்நச்சில் அக்கருவியை நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிணைந்ததாகவே அது கணக்கிடுவதால், ஆபத்தான நிலையிலும் இயல்பான அளவையே காட்டக்கூடும். உரிய இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும்.

உடனே செய்ய வேண்டியவை

• அனைவரும் அறையை விட்டுத் திறந்தவெளிக்கு வாருங்கள். கதவைத் திறந்து போடுங்கள். பொருள்களை எடுக்க உள்ளே தங்காதீர்கள்.
• 108 எண்ணை அழையுங்கள். மூடிய அறையில் நெருப்போ கீசரோ இருந்ததைத் தவறாமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையையே மாற்றும்.
• வலி நீங்கிவிட்டாலும் மருத்துவரைக் காணுங்கள். கருவிலுள்ள குழந்தைக்கு ஆபத்து மிகுதி என்பதால், கர்ப்பிணிகள் இதில் தாமதிக்கவே கூடாது.

சாதாரணக் காற்றில் இந்நச்சு இரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நிகழ்கிறது. குணமடைந்து சில வாரங்களுக்குப் பின்னரும் மறதி, நடைத் தடுமாற்றம், குணமாற்றம் தோன்றக்கூடும். அவ்வாறாயின் மீண்டும் வாருங்கள்.

புறப்படும் முன்

அறை பதிவு செய்யும்போதே, சூடேற்றும் வசதி மின்சாரத்தில் இயங்குகிறதா எனவும், கீசர் குளியலறைக்கு வெளியே பொருத்தப்பட்டுள்ளதா எனவும் கேளுங்கள். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கைப்பைக்குள் அடங்கும். அதை உறங்கும் அறையில் வையுங்கள். புகையை மட்டும் உணரும் கருவி இதற்கு ஈடாகாது. சன்னலைச் சற்றே திறந்துவைத்தால் கரி அடுப்பை உள்ளே வைக்கலாம் என்றும் எண்ண வேண்டா.

குளிருக்குக் கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்குங்கள். நெருப்பு முற்றத்திலேயே இருக்கட்டும்.