உங்களுக்குத் தெரியுமா? எவர்சில்வரைத் துளைக்கும் உப்பு

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது சமையலறை வரைக்கும் சரி. அணைக்கட்டு ஊரைச் சுற்றியுள்ள வேலூர், ஆம்பூர் தோல் பதனிடும் டேனரி வட்டாரத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கிவிடும். பாலாற்றில் விடக்கூடாதே! அதனால் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரை எவர்சில்வர் ஆவியாக்கிகளில் காய்ச்சுகிறார்கள். வில்லங்கம் அங்கேதான்.

எவர்சில்வரைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம். தடிமன் சில நானோமீட்டர்தான். உப்பிலுள்ள குளோரைடு அதை ஓரிடத்தில் உடைத்தால் ஊசிமுனைக் குழி விழும். குழிக்குள் தேங்கிய நீர் அமிலமாகி, உலோகத்தை உள்நோக்கிக் கரைத்துக்கொண்டே போகும். வெளியே பளபளப்பு குறையாது. திடீரென்று ஒருநாள் குழாய் ஒழுகும். வெல்டிங் ஓரங்களில் இழுவிசை தேங்கியிருந்து, சூடும் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மயிரிழை விரிசல்கள் கிளைபிரிந்து ஓடவும் கூடும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம், சாதாரண 304-ஐவிடக் குழி விழுவதைத் தாங்கும். ஆனால் முழு விடுதலை கிடையாது.

எவர்சில்வருக்கு எதிரி உப்பு என்றால், இதே வட்டாரத்தில் தைக்கும் ஷூக்களுக்கு எதிரி வேறு: ஈரம். பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் சோலின் மூலக்கூறுச் சங்கிலியைக் காற்றின் ஈரமே அறுத்துவிடும். பெட்டியைவிட்டு எடுக்காத ஜோடியும் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாய் உதிரலாம். பாலிஈதர் வகை இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும்.