டவுன் சிண்ட்ரோம்: பேச்சு வரலைன்னா புரியலைன்னு அர்த்தமா?

ஹோட்டலில் இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். பதினெட்டு வயதுப் பையன், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். சர்வர் அவரைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்கிறார்: “தம்பிக்கு என்னம்மா வேணும்?” பையனுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அதற்குள் அம்மா, “ஒரு நெய் ரோஸ்ட்” என்று சொல்லிவிடுகிறார்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலான இளைஞர்களுக்குப் பேசும் திறனைவிடப் புரிந்துகொள்ளும் திறன் முன்னால் இருக்கும். வார்த்தைகள் தெரியும். அவற்றை வாக்கியமாகக் கோத்துத் தெளிவாகச் சொல்வதில்தான் சிக்கல்.

ஏன்? வாய், நாக்குத் தசைகள் தளர்வாக இருப்பது ஒரு காரணம். இன்னொன்று காது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இவர்களிடம் ரொம்ப சகஜம். சத்தம் மங்கலாகத்தான் விழும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டுக்கும் வித்தியாசமே கடைசி எழுத்துதானே, யோசித்துப் பாருங்கள்! அதோடு, காதால் கேட்டதை மனதில் பிடித்து வைப்பதும் கஷ்டம். கண்ணால் பார்ப்பது அதைவிட நன்றாக நிற்கும்.

இதனால்தான் வாசிப்பு முக்கியமாகிறது. 1980 வாக்கில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு ஒரு தந்தை கடிதம் எழுதினார். டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளுக்குச் சின்ன வயதிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்ததாகவும், அது பேச்சுக்கும் உதவியதாகவும் அதில் சொல்லியிருந்தார். பக்லியின் நீண்டகால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.

‘பன்னிரண்டு வயசுக்கு மேல மொழி வளராது’ என்ற பழைய கணிப்பும் ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபின் சாப்மன் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், டீன் ஏஜிலும் இவர்களின் வாக்கியங்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. படப் புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னபோது, சும்மா பேட்டி எடுத்தபோது வந்ததைவிட நீளமான வாக்கியங்கள் வந்தன.

“வீட்ல ஒரே மொழி பேசுங்க, இல்லைன்னா குழம்பிடுவான்” என்ற அட்வைஸ் நம் வீடுகளில் இன்னும் ஓடுகிறது. 2005-ல் வெளியான கனடா ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள், ஆங்கிலம் மட்டும் பேசியவர்களைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. தமிழைத் தாராளமாகப் பேசலாம்.

வயசாகிவிட்டதென்று ஸ்பீச் தெரபியை நிறுத்தியிருந்தால், முதலில் காதைப் பரிசோதித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஹோட்டலில்? மெனு கார்டைப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.