கொத்தனார் எழுதி வைத்த போர்

இன்றைய ஜெர்மனி அன்று ஒரே நாடாக இல்லை. பல சிறிய நாடுகளாக இருந்தது. அவற்றில் ஒன்று வூர்ட்டம்பர்க். அந்த நாட்டில் யாக்கோப் வால்ட்டர் என்று ஒரு கொத்தனார் இருந்தார். கல்லைச் செதுக்கிக் கட்டடம் கட்டுவது அவர் தொழில்.

1812ஆம் ஆண்டில் அவருக்கு வயது 23. அரசாங்கத்திடமிருந்து ஆணை வந்தது. "பட்டாளத்துக்கு வா" என்றது ஆணை. மறுக்க முடியாது. அதற்கு முன் 1806லும் 1809லும் இப்படித்தான் அவரை அழைத்துப் போனார்கள். இது மூன்றாவது முறை.

யாரோடு சண்டை? ரஷ்யாவோடு. ரஷ்யாக்காரர்கள் வால்ட்டருக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஏன் சண்டை?

சண்டை ஏன் வந்தது?

அப்போது பிரான்ஸ் நாட்டின் பேரரசர் நெப்போலியன். ஐரோப்பாவின் பெரும்பகுதி அவர் பிடியில் இருந்தது. இங்கிலாந்து மட்டும் அடங்கவில்லை. "இங்கிலாந்தோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது" என்று நெப்போலியன் கட்டளை போட்டார். ரஷ்ய மன்னர் முதலாம் அலெக்சாந்தர் முதலில் அதற்கு ஒத்துக்கொண்டார். பிறகு கட்டளையை மீறினார். அவரைப் பணிய வைக்க நெப்போலியன் படை எடுத்தார்.

சுமார் 6 லட்சம் வீரர்கள் இந்தப் படையெடுப்பில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர் பாதிப் பேர் கூட இல்லை. ஜெர்மானியர், போலந்துக்காரர், இத்தாலியர் எனப் பல நாட்டு ஏழைப் பிள்ளைகள் இருந்தார்கள். ரஷ்யப் படையிலும் ஏழைகள்தான். அங்கே பட்டாளத்தில் சேர்த்தால் 25 ஆண்டு வேலை. மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பும் நாளில், இறந்தவனுக்கு அழுவதைப் போல வீட்டார் அழுவார்கள்.

பசிதான் முதல் எதிரி

1812 ஜூன் 24. படை நீமன் ஆற்றைக் கடந்தது. அங்கிருந்து மாஸ்கோ நகரம் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். எல்லாம் நடைதான்.

அது கோடைக்காலம். கடும் வெயில். பிறகு பெருமழை. பாதை சேறானது. உணவு வண்டிகள் பின்தங்கின. தீனி இல்லாமல் ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்தன. குட்டைத் தண்ணீரைக் குடித்த வீரர்களுக்குச் சீதபேதி கண்டது.

ரஷ்யப் படை நின்று போரிடவில்லை. பின்வாங்கிக்கொண்டே போனது. போகும் வழியில் தானியக் கிடங்குகளை எரித்தது.

பசித்த படை என்ன செய்யும்? ஊருக்குள் புகுந்தது. குடியானவர்கள் தானியத்தை மண்ணில் புதைத்து வைத்தார்கள். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். வீரர்கள் மண்ணைத் தோண்டினார்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். வால்ட்டரும் இப்படித்தான் வயிற்றைக் கழுவினார். அதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

எரிந்த நகரம்

செப்டம்பர் 7இல் போரோதினோ என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 70,000 பேர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். பிரெஞ்சு மருத்துவர் லாரே இரவு பகலாக 200 பேருக்குக் கை கால்களை அறுத்து எடுத்தார். அன்று மயக்க மருந்து கிடையாது.

செப்டம்பர் 14இல் நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தார். நகரத்தில் பெரும்பாலோர் இல்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். அன்று இரவே தீப் பிடித்தது. வீடுகளில் பெரும்பாலானவை மர வீடுகள். பல நாள் எரிந்து நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. காயம்பட்டு நடக்க முடியாமல் கிடந்த ரஷ்ய வீரர்கள் பலர் நெருப்பில் மாண்டார்கள்.

ரஷ்ய மன்னர் சமாதானம் பேச வருவார் என்று நெப்போலியன் காத்திருந்தார். மன்னர் வரவில்லை. அக்டோபர் 19இல் படை திரும்பியது.

திரும்பும் வழி

வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வழியில் உணவு ஏது? முன்பே எல்லாம் தீர்ந்துவிட்டது. செத்த குதிரையை அறுத்துத் தின்றார்கள். போரோதினோவில் 50 நாளுக்கு முன் இறந்தவர்கள் புதைக்கப்படாமல் கிடந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது.

நவம்பரில் பனி கொட்டியது. மாஸ்கோவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடும்பங்களும் பயந்து படையோடு வந்திருந்தன. பெண்களும் குழந்தைகளும் பனியில் நடந்தார்கள்.

வழியில் பெரசினா ஆறு குறுக்கிட்டது. பாலம் இல்லை. பக்கத்துச் சிற்றூரின் வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார்கள். சுமார் 400 வீரர்கள் உறைபனித் தண்ணீரில் இறங்கி இரண்டு பாலம் கட்டினார்கள். அவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள். பல ஆயிரம் பேர் ஆற்றைக் கடந்து தப்பினார்கள். ரஷ்யப் படை நெருங்கியதும் பாலங்களுக்குத் தீ வைத்தார்கள். கடக்க முடியாதவர்கள் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

டிசம்பர் 5இல் நெப்போலியன் படையை விட்டுவிட்டுப் பாரிஸ் நகரத்துக்குப் புறப்பட்டார். வீரர்கள் நடந்தார்கள்.

குளிர் மட்டுமா கொன்றது?

"ரஷ்யக் குளிர் நெப்போலியனைத் தோற்கடித்தது" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பனி விழும் முன்பே படையில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. பசியும் நோயும்தான் அதற்குப் பெரிய காரணங்கள். துரத்தி வந்த ரஷ்யப் படையும் பாதிக்கும் மேற்பட்ட ஆட்களை இழந்தது.

2001இல் லித்துவேனியா நாட்டின் வில்னியஸ் நகரத்தில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1812இல் திரும்பி வந்த வீரர்கள் அவர்கள். பெரும்பாலோர் இளவயதினர். அவர்களுடைய பற்களையும் உடையில் இருந்த பேன்களையும் அறிவியலார் ஆராய்ந்தார்கள். பேன் மூலம் பரவும் காய்ச்சல் கிருமிகளின் அடையாளம் இருந்தது. உடம்பெல்லாம் பேன் மொய்த்த கொடுமையை வால்ட்டர் முன்பே எழுதியிருந்தார்.

எழுதியதால் தெரிந்தது

வூர்ட்டம்பர்க்கிலிருந்து போனவர்கள் சுமார் 15,000 பேர். திரும்பியவர்கள் சில நூறு பேர். அவர்களில் வால்ட்டரும் ஒருவர். 1813இல் நோயாளியாக ஊர் வந்து சேர்ந்தார். பிழைத்துக்கொண்டார். பிறகு தாம் பட்டதை எல்லாம் எழுதி வைத்தார். 1864இல் இறந்தார்.

அவருடைய மகன் ஒருவர் அமெரிக்காவில் குடியேறியிருந்தார். அந்தக் குடும்பத்திடம் எழுத்து பத்திரமாக இருந்தது. 1938இல் அது புத்தகமாக அச்சானது.

1812 போரைப் பற்றி தளபதிகள் எழுதிய நூல்கள் ஏராளம். சாதாரணச் சிப்பாய் எழுதியவை மிகக் குறைவு. ரஷ்யக் குடியானவர்கள் எழுதியது அதைவிடக் குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் பண்ணையாருக்கு அடிமைகள். ஊரைக் காக்கப் போரில் நின்றார்கள். போர் முடிந்ததும் மீண்டும் அடிமை வேலைக்கே திரும்பினார்கள். அந்த அடிமை முறை 1861இல்தான் ஒழிந்தது.

புதைத்து வைத்த தானியம் பறிபோன வீட்டில் அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள்? காட்டுக்குள் ஓடியபோது குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார்கள்? அந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு எழுதத் தெரிந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும்.

கொத்தனாருக்கு எழுதத் தெரிந்திருந்தது. அதனால் அவர் பட்ட பசி இன்றும் நமக்குத் தெரிகிறது.