நெற்றியில் கட்டும் விளக்கு

தாராபுரத்து விவசாயிக்கும், மேகாலயாவில் குகைக்குள் இறங்குகிறவருக்கும் என்ன ஒற்றுமை? இருவர் நெற்றியிலும் விளக்கு!

இரவில் மின்சாரம் வரும் நாட்களில் நள்ளிரவானாலும் கிணற்றடிக்குப் போய் மோட்டார் போட வேண்டும். மண்வெட்டியால் மடை திருப்ப வேண்டும். ஒரு கையில் டார்ச் லைட் இருந்தால் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது? அதனால் விளக்கு தலைக்கு ஏறிவிட்டது. சத்தியமங்கலத்தில் விடியும் முன்னே மல்லிகை பறிப்பவர்களும் இப்படித்தான்.

மேகாலயாவில் சுண்ணாம்புக் கல் மலைகள் உண்டு. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகை குடைந்திருக்கிறது. ஜெயந்தியா மலையில் உள்ள 'கிரெம் லியாட் பிரா' குகையின் நீளம் 30 கிலோ மீட்டருக்கு மேல்! நம் கருங்கல் மலைகள் அப்படிக் கரைவதில்லை.

அந்தக் குகை இருட்டில் கண் முன்னே விரலை ஆட்டினாலும் தெரியாது. விளக்கு அணைந்தால் வந்த வழியும் போயிற்று. ஆகவே குகைக்குப் போகிறவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று விளக்கு!

முன்பு அவர்கள் தலையில் கார்பைடு விளக்கு எரிந்தது. மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் திருட்டுத்தனமாக வைக்கிறார்களே, அதே கல்தான். அதில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும். வாயுவைக் கொளுத்தினால் வெளிச்சம்.

இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. 1962-ல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் தேவைப்பட்டது. நீலமோ லேசில் பிடிபடவில்லை. 1993-ல் ஜப்பானில் சூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டு வந்தார். அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைத் தடவினால் வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். நீல ஒளிக்காக 2014-ல் அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டிலேயே செய்யலாம்

ரேடியோ ரிப்பேர் கடையில் 5 மில்லி மீட்டர் வெள்ளை எல்.இ.டி. ஆறு வாங்குங்கள். பேனா டார்ச்சுக்குப் போடும் 1½ வோல்ட் செல் மூன்றை வரிசையாகப் போட்டால் 4½ வோல்ட். எல்.இ.டி.க்கு வேண்டியது சுமார் 3.2 வோல்ட்தான். மிச்சத்தை அப்படியே விட்டால் கருகிவிடும். அந்த மிச்சத்தைத் தாங்க ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனியாக ஒரு 68 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். ஆறுக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. ஒன்று அதிகம் இழுக்கும், மற்றொன்று மங்கும்.

செல் பெட்டியைப் பின்னந்தலையில் வையுங்கள். முன்னால் வைத்தால் பாரம் நெற்றியை இழுக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டினால் நல்ல பட்டை ஆயிற்று. பழைய செல்போன் பாட்டரியைப் பிரித்துப் போடுவது வேண்டாம். இரண்டு முனையும் உரசினால் தீப்பிடிக்கும். அது உங்கள் தலை!

கடையில் விற்கும் 'பவர்' எல்.இ.டி. ஒன்று போட்டாலே பளீர் என்றிருக்கும். ஆனால் அதன் அடிப்பாகம் கொதிக்கும். அலுமினியத் தகட்டில் பொருத்தாவிட்டால் ஆயுள் குறையும்.

பாம்பு தெரியாது

முக்கியமான சங்கதி இது. விளக்கும் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தால், பொருளின் நிழல் அதற்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். வரப்பில் கிடக்கும் விரியன் மண் நிறத்தோடு கலந்துவிடும். அதே டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் நிழல் நீளமாக விழும்; பாம்பு தனியே தெரியும். எனவே நடக்கும்போது கை விளக்கு, வேலை செய்யும்போது தலை விளக்கு.

பூச்சித் தொல்லை வேறு! வெளிச்சத்தைப் பார்த்து வருவது நேரே கண்ணில் விழும். மஞ்சள் எல்.இ.டி. போட்டால் பூச்சி குறைவு.

புது விளக்கை முதல் நாளே வயலுக்குக் கொண்டு போகாதீர்கள். மாலை 6 மணிக்கு வீட்டில் ஏற்றி வைத்து, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று பாருங்கள். செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். கிடைத்த நேரத்தில் பாதியைத்தான் நம்பலாம். இன்னொரு சிறு டார்ச் மடியில் இருக்கட்டும்.