போலிச் சான்றிதழில் பெற்ற உத்தியோகம்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் இருப்பைச் சரிபார்க்க நேர்ந்தது. பதிவேட்டின்படி இருக்கவேண்டிய சிப்பங்களில் பதினான்கு குறைந்தன. எழுத்தரைக் கேட்டேன். அவர் பதினோரு ஆண்டுகளாக அங்கே பணிபுரிந்தவர். கூலிப் பட்டியில் ஒரு காசு பிசகியது என்று எந்தத் தறிக்காரரும் அவரைக் குறை கூறியதில்லை. நெடுநேரம் விடை கூறாமல் நின்றவர், பின்பு, "நூலைப் பற்றி அப்புறம் கேளுங்கள், ஐயா. முதலில் என் சர்டிபிகேட்டைப் பாருங்கள்" என்றார்.

பணிப் பதிவேட்டுடன் தைக்கப்பட்டிருந்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் கணக்குப் பாடத்துக்கு 58 என்று கண்டிருந்தது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதிக் கேட்டோம். அவர் பெற்றது 28 என்று பதில் வந்தது. தேர்ச்சிக்கு வேண்டியதோ 35. இரண்டை ஐந்தாக்கியவர்கள் மொத்த மதிப்பெண்ணிலும் மறவாமல் முப்பதைக் கூட்டியிருந்தார்கள். அந்தச் சான்றிதழில் கணக்கு ஒன்றுதான் சரியாக இருந்தது!

அதைச் செய்து கொடுக்க ஏற்பாடு செய்தவர் வெளியூர் நூல் வியாபாரி ஒருவர். அந்த உதவிக்கு அவர் அப்போது கூலி கேட்கவில்லை. பத்து ஆண்டுகள் பொறுத்திருந்தார். பிறகு ஒரு நாள் பட்டியலுடன் வந்து, அனுப்பாத பதினான்கு சிப்பங்களையும் வரவு வைக்கும்படி சொன்னார். எழுத்தர் வரவு வைத்தார். சங்கம் பணத்தைச் செலுத்திவிட்டது.

தகுதியைக் குறித்துப் பொய் கூறி வேலை பெற்றவருக்கு என்ன நேரும் என்று கேட்டால், பிடிபட்டால் வேலை போகும் என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் வேலை போவதற்கு வெகு நாள் முன்னரே, தவறான காரியத்தைச் செய்யச் சொல்பவரிடம் "முடியாது" என்று சொல்லும் வலிமை அவரிடமிருந்து போய்விடுகிறது. அவருடைய இரகசியத்தை அறிந்தவன் எவனோ, அவனே அவருக்கு எசமானன். தனியார் கடையிலானால் நஷ்டம் ஒரு முதலாளியோடு போகும். சங்கத்தில் அது பங்குத்தொகை செலுத்திய ஒவ்வொரு நெசவாளியின் தலையிலும் விழுகிறது.

இச்செய்தி வெளிப்பட்டதும் நிர்வாகக் குழுவில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. "பதினோரு ஆண்டுகள் கணக்கைப் பிழையின்றி எழுதியவருக்குக் கணக்கில் எத்தனை மதிப்பெண் வந்தால் என்ன? நூலுக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம்" என்றனர் சிலர். "இத்தனை ஆண்டுகள் வாங்கிய சம்பளம் முழுவதையும் கக்க வைக்கவேண்டும்" என்றனர் வேறு சிலர். இரு சாராரும் சங்கத்தின் நன்மையை நாடியே பேசினர். ஆதலின் இரண்டையும் சற்று விரிவாக ஆராய்வது தகும்.

முதல் கருத்தைச் சட்டம் ஏற்பதில்லை. மோசடியால் பெற்ற நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்பது நம் உச்சநீதிமன்றம் பலமுறை வலியுறுத்திய நிலை. கேரளத்தில் போலிச் சாதிச் சான்றைக் காட்டிக் காவல்துறையில் உயர்பதவி அடைந்த ஒருவரின் வழக்கில் 2004ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய 27 ஆண்டுகள் பணியாற்றிவிட்டேன், பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாகவேனும் மாற்றி ஓய்வூதியத்தைக் காப்பாற்றுங்கள் என்று அவர் வேண்டினார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. நியமனமே செல்லாது என்னும்போது, அரசு ஊழியருக்கு அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பையும் அவர் கோர இயலாது என்று தீர்ப்பாயிற்று. அது கல்விச் சான்று பற்றிய வழக்கன்று. எனினும் அதன் நியாயம் இதற்கும் பொருந்தும்.

பணிநீக்கத்துடன் இது முடிவதுமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதையின்படி, வஞ்சித்து நன்மை பெறுவதற்கு 318ஆம் பிரிவின் கீழும், வஞ்சிக்கும் நோக்குடன் ஆவணத்தைப் பொய்யாக உண்டாக்குவதற்கு 336ஆம் பிரிவின் கீழும் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பொய் ஆவணத்தை மெய்யெனத் தெரிந்தே காட்டுபவருக்கும், அதை உண்டாக்கியவருக்குரிய தண்டனையே உண்டு என்கிறது 340ஆம் பிரிவு. அந்நாளுக்கு முன் நடந்த செயல்களுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 420, 468, 471ஆம் பிரிவுகளே பொருந்தும்.

இரண்டாவது கருத்துத்தான் கடினமானது. வேலை பொய்யால் வந்தது. ஆனால் உழைப்பு மெய்யாயிற்றே! இக்கேள்வி இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்நாட்டில் டாண்டன் என்னும் ஊரில், தீராத நோயுற்றோரைப் பேணும் தரும நிலையம் ஒன்றுக்கு 2004ஆம் ஆண்டு ஒருவர் தலைமை நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். இல்லாத பட்டங்களையும் இல்லாத அனுபவத்தையும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். 2015 வரை அப்பதவியில் இருந்தார். வேலையை நன்றாகவே செய்தார் என்று நிலையத்தின் மதிப்பீடுகள் கூறின. உண்மை வெளிப்பட்டு 2017இல் இரண்டு ஆண்டுகள் சிறைத் தண்டனை பெற்றார். அதன்பின், பொய்யால் பெற்ற பதவிகளில் அவர் ஈட்டிய ஏறத்தாழ 6,43,000 பவுனில் எவ்வளவைப் பறிமுதல் செய்வது என்ற வழக்கு எழுந்தது. கீழ்நீதிமன்றம் 96,737 பவுன் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், உழைத்துக் கொடுத்துவிட்டார், ஒன்றும் வேண்டாம் என்றது. உச்சநீதிமன்றம் 2022இல் நடுவழியைத் தேர்ந்தது. பொய் சொல்லாதிருந்தால் வேறு வேலையில் எவ்வளவு ஈட்டியிருப்பாரோ அதைக் கழித்து, மிகுதியே பொய்யின் ஆதாயம் எனக் கொண்டது. அந்த மிகுதி, அவரிடம் எஞ்சியிருந்த சொத்தைவிடப் பெரிதாயிருந்தமையால் 96,737 பவுன் உத்தரவே நிலைத்தது. சட்டப்படி தகுதி பெறாமல் செய்வதே குற்றமாகும் தொழில்களுக்கு இச்சலுகை இல்லை என்றும் அந்நீதிமன்றம் விளக்கியது. படிக்காமல் அறுவை சிகிச்சை செய்பவரின் உழைப்புக்கு மதிப்பு ஏது?

அயல்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் தராசு நல்ல தராசு என்பது என் எண்ணம். எனது அறிக்கையில், பதினான்கு சிப்பங்களின் விலையை வசூலிக்கவும், எழுத்தரையும் வியாபாரியையும் பற்றிக் காவல்துறையில் புகார் செய்யவும் எழுதினேன். பழைய சம்பளத்தை முழுவதும் திரும்பப் பெறும்படி எழுதவில்லை. இதை ஏற்காத அங்கத்தினர் இருக்கக்கூடும். நகைக் கடன் தரும் வேளாண்மைச் சங்கத்தில், உரைத்துப் பார்க்கத் தெரியாதவர் மதிப்பீட்டாளராக வந்திருந்தால் நானும் வேறு விதமாகவே எழுதியிருப்பேன்.

தகுதியைக் கூட்டிச் சொல்வதுதான் பொய் என்று எண்ணவேண்டா. ஒடிசாவில் பஞ்சாப் தேசிய வங்கி, கடைநிலை ஊழியர் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் வேண்டும், பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாகாது என்று அறிவித்திருந்தது. ஒருவர் தாம் பட்டதாரி என்பதை மறைத்து அவ்வேலையைப் பெற்றார். உயர்நீதிமன்றம் அவர்பால் இரங்கியது. உச்சநீதிமன்றமோ 2020 நவம்பரில் வங்கியின் பணிநீக்கத்தை உறுதி செய்தது. பட்டதாரிகள் வேலைக்கு அலையும் காலத்தில் இது கொடுமையாகத் தோன்றலாம். பட்டதாரியாகிய எனக்கும் முதலில் அப்படியே தோன்றியது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற ஏழைப் பிள்ளை ஒருவனுக்கென்று ஒதுக்கிய இடம் அது. அவன் யார் என்று எந்த வழக்கிலும் தெரிய வருவதில்லை. நம் சங்கத்து எழுத்தர் வேலைக்கு அன்று விண்ணப்பித்து இரண்டாவதாக நின்றவர் யார் என்று பழைய கோப்பில் தேடினேன். அவரும் ஒரு தறிக்காரர் மகன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார் என்றார்கள்.

பழி எழுத்தர் மீது மட்டுமன்று. நியமித்த குழுவினர் மூலச் சான்றிதழைக் கண்ணால் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அச்சங்கத்தை அதற்கு முன் இருமுறை ஆய்வு செய்தவன் நானே. இருமுறையும் ரொக்கத்தையும் சரக்கையும் எண்ணினேனேயன்றிப் பணிப் பதிவேட்டைத் திறக்கவில்லை. கவனக்குறைவைச் சட்டமும் எளிதாக விடுவதில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே காட்டிய அசட்டையால் சங்கத்துக்கு நஷ்டம் விளைந்தால், அதை நிர்வாகத்தில் இருந்தோரிடமிருந்தே தண்டத்தீர்வையாக வசூலிக்க இயலும்.

சான்றிதழின் உண்மைத்தன்மையை அறிவது பெரிய காரியமன்று. பள்ளிச் சான்றுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டத்துக்கு அதை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கும், கூட்டுறவுப் பட்டயத்துக்குப் பயிற்சி தந்த நிலையத்துக்கும் எழுதவேண்டும். பல்கலைக்கழகமே போலியா என்று ஐயமிருந்தால், பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிகளின் பட்டியலைப் பார்க்கலாம். 1956ஆம் ஆண்டு அக்குழுவின் சட்டப்படி அதிகாரமில்லாத எவரும் பட்டம் வழங்கலாகாது. கடிதம் சங்கத்திலிருந்து நேரே செல்லவேண்டும். சிப்பந்தியின் கையில் கொடுத்தனுப்பலாகாது. பதிலும் சங்கத்தின் முகவரிக்கே வரவேண்டும். வந்த பதிலைத் தலைவர் தாமே பிரித்துப் படித்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டுப் பணிப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும். இப்போது பணியில் இருப்போரின் சான்றிதழ்களுக்கும் இவ்வாறே எழுதும்படி அடுத்த பேரவைக் கூட்டத்தில் எந்த அங்கத்தினரும் கேட்கலாம்.