மையம் எழுதப்படுவதில்லை: மீன், சென்ட்ரோமியர், பாடபேதம்

‘மையம்’ என்ற சொல்லை நம் விமர்சன எழுத்து போதும் போதுமென்கிற அளவுக்குப் புழங்கித் தீர்த்துவிட்டது. 1966இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் தெரிதா, மையம் என்பது நிலையான ஓர் இடமல்ல, ஒரு செயல்பாடு என்று சொல்லப்போக, மையத்தைத் தகர்ப்பது இங்கே ஒருவகைச் சடங்காகவே ஆகிப்போனது. சரி, செயல்பாடுதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் செயல்பாடு தலைமுறை தலைமுறையாக எப்படிக் கைமாறுகிறது? எழுத்து மாறிக்கொண்டேயிருக்க, மையம் மட்டும் எப்படி நிலைக்கிறது? இதற்கு உயிரியல் துல்லியமான ஒரு விடை வைத்திருக்கிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டித்து, இரண்டு பிரதிகளும் இடுப்பு போன்ற ஓரிடத்தில் ஒட்டி நிற்கின்றன. 1880களில் வால்டர் ஃபிளெமிங் இந்த இடுப்பைக் கவனித்தார். 1936இல் சிரில் டார்லிங்டன் இதற்குச் ‘சென்ட்ரோமியர்’ என்று பெயர் வைத்தார். இதன்மேல் புரதங்கள் அடுக்கடுக்காகக் கூட, கதிர் இழைகள் அவற்றைப் பற்றிப் பிரதிகளை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்கின்றன. பிடி தவறினால் ஒரு செல்லுக்குக் கூடுதல், இன்னொன்றுக்குக் குறைச்சல். மனிதரில் 21ஆம் குரோமோசோம் மூன்றாக வருவதே டவுன் சிண்ட்ரோம்.

இந்தப் புரதங்கள் அறிவியலுக்குக் கிடைத்த விதமே ஒரு கதைதான். ஸ்கிளிரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயில் உடம்பு தன்னைத்தானே அந்நியனாக வாசித்துக்கொள்கிறது. தன் செல்லின் உறுப்புகளுக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் 1985இல் வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் மூன்று புரதங்களை இனங்கண்டார்கள்: சென்ப்-ஏ, சென்ப்-பி, சென்ப்-சி. இவற்றில் சென்ப்-ஏ ஒரு ஹிஸ்டோன். டி.என்.ஏ. இழை சுற்றிக்கொள்ளும் உருளைகளில் வழக்கமாக உட்காரும் எச்3 ஹிஸ்டோனின் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அது உட்கார்ந்த இடம்தான் மையம்.

வேலை அத்தனை உயிர்களுக்கும் ஒன்றே என்பதால், அந்த இடத்தின் எழுத்தும் மாறாமல் இருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. மனிதரில் அங்கே இருப்பது சுமார் 171 எழுத்து நீளமுள்ள ஒரு தொடர், மந்திர உச்சாடனம்போலத் திரும்பத் திரும்ப. வேறு உயிர்களில் வேறு தொடர்கள். நெருங்கிய இனங்களுக்குள்ளேயே மிக விரைவாக மாறுவது இந்தப் பகுதிதான். ஹெனிகாஃப், அகமது, மாலிக் மூவரும் 2001இல் இதைச் ‘சென்ட்ரோமியர் முரண்’ என்றார்கள்.

மீன் இந்த முரணைப் பளிச்சென்று காட்டுகிறது. மெடாக்கா, ஜப்பானின் நெல்வயல்களில் திரியும் சின்ன மீன். நிலவியல்ரீதியாகப் பிரிந்துபோய், வெவ்வேறு இனங்களாக ஆகிக்கொண்டிருக்கும் அதன் மூன்று வகைகளின் மரபுத்தொகையை 2017இல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இருபத்திரண்டு சென்ட்ரோமியர் பகுதிகள் வாசிக்கப்பட்டன. அவற்றின் நீளம் இருபதாயிரம் எழுத்திலிருந்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் எழுத்துவரை. மூன்று வகைகளிலும் மையங்கள் அதே இடங்களில் இருந்தன. அதுமட்டுமல்ல: 32 முதல் 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எலும்புமீன்களின் மூதாதை ஒன்றில் மரபுத்தொகை முழுவதும் இரட்டித்ததே, அப்போது பிறந்த குரோமோசோம் ஜோடிகளில் நான்கில் இன்றுவரை மையம் இடம் பெயரவில்லை. ஆனால் அந்த இடத்திலுள்ள எழுத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே வேகத்திலும் அல்ல: மையம் நுனியருகே உள்ள குரோமோசோம்களில் மெதுவாக, மற்றவற்றில் வேகமாக.

தமிழ் படித்தவனுக்கு இது பழகிய நிலைமைதான். ஏடெடுத்து எழுதியவன் கையில் சொல் மாறும்; பாடபேதம் பெருகும்; என்றாலும் இந்தச் சூத்திரம் இந்த இயலில் இந்த இடத்தில் என்ற வைப்புமுறை பிழைத்து நிற்கும். ஒரு வித்தியாசம் உண்டு. சென்ட்ரோமியரில் ‘மூலபாடம்’ என்று தேடிப்போனால் ஒன்றும் அகப்படாது. 1993இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் விவரித்த மனிதக் குரோமோசோம் ஒன்றில், வழக்கமான அந்தத் தொடர் எதுவுமில்லாத இடத்தில் புதிய மையம் முளைத்திருந்தது. குதிரையின் 11ஆம் குரோமோசோமிலும் கோழியின் சில குரோமோசோம்களிலும் மையத்தில் அந்த உச்சாடனம் கிடையாது. அங்கெல்லாம் இருப்பது சென்ப்-ஏ மட்டும். செல் பிரியும்போது பழைய சென்ப்-ஏ இரு பிரதிகளுக்கும் பாதிப்பாதியாகப் பங்கிடப்படுகிறது. பிறகு, ‘ஏற்கெனவே இங்கே இருந்தது’ என்ற ஒரே அத்தாட்சியின்பேரில் காலி இடங்கள் நிரப்பப்படுகின்றன. முதுகெலும்பிகளின் மையத்தை நிலைநிறுத்துவது பெரும்பாலும் எழுத்தல்ல, வழக்கு.

அப்படியானால் எழுத்து ஏன் இப்படி ஓட்டமாய் ஓடவேண்டும்? ஹெனிகாஃப் தரப்பு சொல்லும் விளக்கத்தில் அரசியல் வாடை தூக்கலாகவே அடிக்கிறது. பெண்ணின் குன்றல் பிரிவில் உருவாகும் நான்கில் ஒன்றுதான் முட்டையாகிறது. மற்ற மூன்றும் வீண். ஆக, முட்டைப்பக்கம் நகரத் தெரிந்த மையம் பாதிக்குமேல் பங்கு பெறும். தொடர் நீண்டால், புரதத்தை அதிகம் இழுத்தால், அதற்கு லாபம். உயிருக்கு நட்டம், முக்கியமாக ஆணின் விந்து உருவாக்கத்தில் சிக்கல் வரலாம். எனவே இந்தப் பேராசையை அடக்கும் திசையில் புரதங்கள் மாறுகின்றன. பழப்பூச்சியின் சென்ப்-ஏயிலும் பாலூட்டிகளின் சென்ப்-சியிலும் இப்படித் தேர்வு வற்புறுத்திய மாற்றங்களின் தடயங்கள் உண்டு. ஆனாலும் உருளையைக் கட்டும் உட்பகுதி அதிகம் அசைவதில்லை. ஆட்டமெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதியில்தான். மனிதச் செல்லில் சென்ப்-ஏ குறைக்கப்பட்டபோது ஈஸ்டின் புரதம் அந்த வேலையைச் செய்ததாக 2004இல் காட்டப்பட்டது. நிலைத்தன்மை என்று நாம் பார்ப்பது ஓயாத சண்டையின் மேல்தோல்.

இதிலிருந்து நமக்கென்ன? ஒன்று: ‘எல்லாம் ரத்தத்திலேயே எழுதியிருக்கு’ என்று மரபணுவைச் சாதிப் பெருமைக்குச் சாட்சிக் கூப்பிடுகிறவர்கள் பெருகிவிட்ட நேரமிது. மரபைக் கைமாற்றும் பொறியின் நடுப்புள்ளியே எழுத்தில் இல்லை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவேண்டிய செய்தி. 2001இல் வெளியான மனித மரபுத்தொகையின் வரைவில் இந்தப் பகுதிகள் விடுபட்டிருந்தன. அவை முழுசாக வாசிக்கப்பட்டு வெளிவந்தது 2022இல்தான். மையத்தையே படிக்காமல் இருபது வருஷம் ‘புத்தகம் முழுக்கப் படித்தாச்சு’ என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, நம் தரப்புக்கு. மையமற்ற குரோமோசோம் விடுதலை அடைவதில்லை, தொலைந்துபோகிறது. இரண்டு மையம் வந்தாலும் கொண்டாட்டமில்லை. எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டு அறுந்துபோகிறது என்பதை மக்காச்சோளத்தில் பார்பரா மெக்லின்டாக் 1930களின் இறுதியிலேயே காட்டிவிட்டார். தகர்ப்பு, பன்மை என்ற சொற்களைச் சும்மா வீசிவிட்டுப் போகமுடியாது. இழுக்கும்போது பிடிக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் இல்லாமலில்லை. பட்டுப்பூச்சியிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் பிடி ஒரு புள்ளியில் குவியாமல் குரோமோசோமின் நீளமெங்கும் பரவியிருக்கிறது. அவற்றில் சென்ப்-ஏயே இல்லை என்று 2014இல் தெரியவந்தது. ஆக, ஒற்றை மையமின்றியும் உயிர் நடக்கும். ஆனால் பிடிக்கும் வேலையை நீளம் முழுவதும் பகிர்ந்துகொண்ட பிறகுதான் அது நடந்திருக்கிறது.